நரம்பணுவின் மின்துடிப்பை ஒளியால் பதிவது: கால்சியமா, சாயமா, மரபணு உணரியா?

நரம்பணுக்களின் மின்செயல்பாட்டை நுண்ணோக்கியின் கீழ் பதிவுசெய்ய விரும்பும் ஆய்வுக் குழு எதுவானாலும், கருவி வாங்குவதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கால்சியம் உணரிகளை, அதாவது செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது ஒளி மாறும் மூலக்கூறுகளைக் கொண்டு மறைமுகமாகப் பார்ப்பதா, மின்னழுத்தச் சாயங்களைப் பூசி நேரடியாகப் பார்ப்பதா, நரம்பணு தானே தயாரித்துக்கொள்ளும்படி மரபணு வழியாக மின்னழுத்த உணரியைப் புகுத்துவதா, அல்லது ஒளியை விட்டுவிட்டு மின்முனைகளோடு நின்றுவிடுவதா என்பதே அந்த முடிவு. சிங்கப்பூரில் பல ஆய்வகங்கள் பகிர்ந்துகொள்ளும் நுண்ணோக்கிப் பிரிவொன்றில் பணியாற்றுவதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்ட மாணவர்கள். அண்மையில் வெளியான ஏதாவதோர் உணரியின் பெயரோடும், அது எத்தனை விழுக்காடு ஒளி மாறுகிறது என்ற எண்ணோடும் வருவார்கள்.

அந்த எண்ணை வைத்துத் தேர்வு செய்வது தவறான இடத்தில் தொடங்குவதாகும் என்பது என் கருத்து. ஒரு நரம்பணுவிலிருந்து ஒரு மில்லிவினாடியில் எத்தனை ஒளித்துகள்கள் கேமராவை வந்தடையும் என்ற கணக்கை முதலில் போட்டுப் பார்த்தால், நான்கு வழிகளில் இரண்டு தாமாகவே விலகிவிடும். மீதமுள்ள இரண்டில் எது என்பதை ஆய்வுக் கேள்வியும் மாதிரியின் தன்மையும் தீர்மானித்துவிடும்.

எதை அளக்கிறோம்

ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. மின்துடிப்பு எழும்போது அது சுமார் 100 மில்லிவோல்ட் மேலேறி, ஒன்றிரண்டு மில்லிவினாடிகளில் இறங்கிவிடுகிறது. துடிப்பு எழாத நேரங்களிலும் பிற நரம்பணுக்களிலிருந்து வரும் தூண்டல்களும் தடுப்புகளும் ஒரு சில மில்லிவோல்ட் அளவில் இந்த அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் கொண்டே இருக்கின்றன. ஒரு நரம்பணு துடிக்குமா, அடங்கிவிடுமா என்பது இந்தச் சிறு ஏற்ற இறக்கங்களின் கூட்டலில்தான் தீர்கிறது. இவ்வளவும் சுமார் 4 நானோமீட்டர் தடிப்புள்ள சவ்வின் குறுக்கே நடக்கிறது. கேமரா பார்க்க வேண்டிய இடம் இத்தனை மெல்லியதாக இருப்பதும், பார்க்க வேண்டிய நேரம் இத்தனை குறுகியதாக இருப்பதும் சேர்ந்துதான் மின்னழுத்தப் படமெடுப்பைக் கடினமாக்குகின்றன.

மின்முனைகள் இந்தக் கடினத்தை வெகுகாலத்துக்கு முன்பே வேறு வழியில் கடந்துவிட்டன. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெருநரம்பிழையில் மின்முனையைச் செருகி அளந்து, துடிப்பு உருவாகும் முறையை 1952-இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். நேயரும் சாக்மனும் 1976-இல் அறிமுகப்படுத்திய பேட்ச் கிளாம்ப் முறைக்கு 1991-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வாயுள்ள கண்ணாடிக் குழாயை நரம்பணுவின் சவ்வில் பொருத்திவிட்டால், ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மாற்றத்தைக்கூட எந்த ஐயமும் இல்லாமல் படிக்கலாம். குறை என்னவென்றால், தேர்ந்த கை உள்ளவர்கூட ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு நரம்பணுக்களைத்தான் அப்படிப் பிடிக்க முடியும்.

நரம்பணுவுக்கு வெளியே நிற்கும் மின்முனைகள் அந்த எண்ணிக்கையைப் பெருக்கின. 2017-இல் வெளியான நியூரோபிக்செல்ஸ் என்னும் சிலிக்கான் ஊசியில் 960 பதிவிடங்கள் உள்ளன. அவற்றில் 384-ஐ ஒரே சமயத்தில், நொடிக்கு 30,000 முறை படிக்கலாம். ஆனால் வெளியே நிற்கும் மின்முனைக்குத் துடிப்பு மட்டுமே கேட்கும். துடிப்புக்குக் கீழே நடக்கும் ஏற்ற இறக்கங்கள் தெரியா; அமைதியாக இருக்கும் நரம்பணு ஒன்று அங்கே இருப்பதே தெரியாது; துடித்தது எந்த வகை நரம்பணு என்பதையும் பெரும்பாலும் ஊகிக்கத்தான் வேண்டும். எந்த நரம்பணு, எந்த வடிவம், பக்கத்தில் யார் என்ற கேள்விகள் முக்கியமில்லை என்றால், விலங்கின் மூளை ஆழத்தில் துடிப்புகளை எண்ணுவதற்கு இந்த ஊசியே போதும். ஒளியின்மேல் உள்ள ஆசையால் இதைத் தாண்டிப் போகத் தேவையில்லை.

ஒளியால் மின்னழுத்தத்தைப் பார்க்கும் முயற்சியும் புதிதன்று. நரம்பில் துடிப்பு ஓடும்போது ஒளிச்சிதறல் மாறுவதை லாரன்ஸ் கோஹன், கீன்ஸ், ஹில்லி ஆகியோர் 1968-இல் காட்டினார்கள். 1973-இல் அட்டையின் நரம்பணுக்களில் சாயம் பூசித் தனித்தனித் துடிப்புகளை ஒளியால் பதிவுசெய்தார்கள். அதன் பிறகு கோஹனின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாயங்களைச் சோதித்துப் பார்த்தது. அவ்வளவு உழைப்புக்குப் பிறகும் கால்சியம் முந்திக்கொண்டதற்குக் காரணம் பின்வரும் கணக்கில் இருக்கிறது.

ஒளித்துகள் கணக்கு

கேமரா ஒரு படத்தில் ஒரு நரம்பணுவிலிருந்து 10,000 ஒளித்துகள்களைப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் இயல்பினாலேயே அந்த எண்ணிக்கை படத்துக்குப் படம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்குத் தடுமாறும். அதாவது 1 விழுக்காடு. இது கேமராவின் குறையன்று; எத்தனை வெள்ளி கொடுத்து எந்தக் கேமராவை வாங்கினாலும் இந்தத் தடுமாற்றத்துக்குக் கீழே போக முடியாது. ஒரு துடிப்புக்கு 5 விழுக்காடு ஒளி மாறும் மின்னழுத்த உணரியை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றம் தடுமாற்றத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்று கேட்டால், படம் ஒன்றுக்கு அந்த 10,000 துகள்கள் தேவை. துடிப்பு ஒரு மில்லிவினாடிதான் நீடிக்கிறது என்பதால் நொடிக்கு 1,000 படங்கள் எடுத்தாக வேண்டும். ஆக, ஒரு நரம்பணுவிலிருந்து நொடிக்கு ஒரு கோடித் துகள்கள் வர வேண்டும்.

அதே ஐந்து மடங்கை, ஒரு துடிப்புக்கு 20 விழுக்காடு மாறும் கால்சியம் உணரியிடம் கேட்டுப் பார்ப்போம். தடுமாற்றம் 4 விழுக்காடு இருந்தால் போதும். அதற்குப் படம் ஒன்றுக்கு 625 துகள்கள் போதும். கால்சியம் மெதுவானது என்பதால் நொடிக்கு 30 படங்கள் போதும். மொத்தம் நொடிக்கு 18,750 துகள்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஐந்நூறு மடங்குக்கு மேல். பின்னணி ஒளி, கேமராவின் சொந்த இரைச்சல், லென்சில் இழக்கப்படும் ஒளி எதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் மின்னழுத்தத்தின் நிலை இன்னும் மோசமாகும். ஏனென்றால் கால்சியம் உணரி செல்லின் உட்பகுதி முழுவதையும் நிறைத்து நிற்கிறது, மின்னழுத்த உணரிக்கோ சவ்வு மட்டுமே இடம். சவ்வைச் சென்றடையாமல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும் உணரி மூலக்கூறுகள் மின்னழுத்தத்துக்கு அசையாமல் வெறுமனே ஒளிர்ந்து, தடுமாற்றத்தை மட்டும் கூட்டுகின்றன.

இந்த ஒரு கோடித் துகள்களை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். விளக்கின் ஒளியைக் கூட்டலாம்; அப்போது சாயம் விரைவில் வெளுத்துவிடும், செல்லும் ஒளியால் பாதிக்கப்படும். பார்க்கும் பரப்பைக் குறைக்கலாம். அப்போது ஒரே நேரத்தில் பார்க்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கை குறையும். பதிவுசெய்யும் நேரத்தைச் சுருக்கலாம்; அப்போது விலங்கு எதையாவது கற்றுக்கொள்வதைப் பார்க்கும் ஆய்வுகள் கைவிட்டுப் போகும். ஏதாவதொன்றை விட்டுக்கொடுக்காமல் மின்னழுத்தப் படமெடுப்பு நடப்பதில்லை. எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று மாணவர்களிடம் கேட்டால் பதில் பெரும்பாலும் மௌனம்தான். அந்தப் பதில் கிடைக்கும்வரை உணரியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பரப்பு எவ்வளவு குறையும் என்பதையும் எண்ணால் பார்த்துவிடலாம். ஆய்வகங்களில் பரவலாக உள்ள 2048 வரிசை, 2048 நிரல் கொண்ட சிமாஸ் (sCMOS) வகை எண்மக் கேமரா முழுப் படத்தை நொடிக்கு 100 முறை எடுக்கும். அதை 1,000 ஆக்க வேண்டுமானால் ஏறத்தாழ 200 வரிசைகளை மட்டுமே படிக்க விட வேண்டும். படப்புள்ளி ஒன்று 6.5 மைக்ரோமீட்டர் என்றால், 20 மடங்கு லென்சின் கீழ் அந்த 200 வரிசைகள் மாதிரியில் 65 மைக்ரோமீட்டர் உயரமே ஆகும். 15 மைக்ரோமீட்டர் அகலமுள்ள நரம்பணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நான்குதான் அதில் நிற்கும். பக்கவாட்டில் நீளம் இருப்பதால் ஆய்வுக்குரிய நரம்பணுக்கள் அந்தப் பட்டையில் வரிசையாகக் கிடக்கும்படி மாதிரியைத் திருப்பி வைப்பது நல்லது. லேசர் புள்ளியை வரிவரியாக நகர்த்திப் படம் எழுதும் இருஃபோட்டான் நுண்ணோக்கியின் நிலை இதைவிட இறுக்கமானது. 8 கிலோஹெர்ட்ஸ் அதிர்வுக் கண்ணாடி போகவும் வரவும் வரிகளை எழுதினாலும் நொடிக்கு 16,000 வரிகள்தான். 1,000 படங்கள் வேண்டும் என்றால் படத்துக்கு 16 வரிகள் மிஞ்சும்.

கால்சியம்: பழகிய வழி

துடிப்பு எழும்போது சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு உள்ளே உள்ளதைப் போல் பத்தாயிரம் மடங்கு என்பதால், சிறிது நேரம் திறந்தாலே உள்ளே பெரிய மாற்றம் ஏற்படுகிறது. ரோஜர் சியனின் குழு 1985-இல் அளித்த ஃபியூரா-2 சாயமும், 2001-இல் நக்காய் குழு உருவாக்கிய ஜிகேம்ப் புரதமும், 2013-இல் வந்த ஜிகேம்ப்6 வரிசையும், 2023-இல் வெளியான ஜிகேம்ப்8 வரிசையும் இந்த மாற்றத்தையே ஒளியாக்குகின்றன. உணரிகள் பிரகாசமானவை, கருவிகள் எங்கும் கிடைக்கின்றன, தரவைப் பகுக்கும் மென்பொருள்கள் முதிர்ந்துவிட்டன. வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளையில் உள்ள ஏறத்தாழ ஒரு லட்சம் நரம்பணுக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை, தாள்போல் மெல்லிய ஒளியால் அடுக்கடுக்காகப் பார்க்கும் ஒளித்தாள் நுண்ணோக்கியால் பதிவுசெய்து 2013-இல் வெளியிட்டார்கள். மின்னழுத்தத்தில் அப்படியொரு பரப்பு இன்னும் எட்டாத உயரம்.

அதன் குறைகளும் நன்கு தெரிந்தவையே. மழை நின்ற பின்னும் வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருப்பதைப் போல, துடிப்பு முடிந்து நூறு மில்லிவினாடிக்குப் பின்னும் கால்சியம் ஒளி அடங்காமல் இருக்கும். நெருங்கி வந்த ஐந்து துடிப்புகளுக்கும் ஏழு துடிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடிக்கக்கூடிய பார்வால்புமின் வகைத் தடுப்பு நரம்பணுக்களில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதங்கள் மிகுதி என்பதால் அங்கே ஒளி மாற்றம் இன்னும் மங்கல். எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பு வந்து மின்னழுத்தம் கீழிறங்குவதைக் கால்சியம் காட்டுவதே இல்லை. ஜிகேம்ப் தானும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வது என்பதால் செல்லின் இயல்பை அது தொடாமல் விடுவதும் இல்லை. ஜிகேம்ப்6-ஐத் தாங்கிய சில மரபணு மாற்ற எலி வகைகளில் வலிப்பை ஒத்த மூளை அலைகள் காணப்பட்டதாக 2017-இல் வெளியான ஆய்வு எச்சரித்தது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும், எந்த நரம்பணுக்கள் எப்போது செயல்பட்டன என்பதை நொடியின் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் அறிந்தால் போதும் என்னும் ஆய்வுகளுக்குக் கால்சியமே சரியான தேர்வு. என்னிடம் வரும் ஆய்வுத் திட்டங்களில் பாதிக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவைதான். மின்னழுத்தம் என்ற சொல் தலைப்பில் கவர்ச்சிக்காக ஏறியிருக்கும்.

சாயங்கள்: விரைவாகத் தொடங்கலாம்

மின்னழுத்தச் சாயங்களில் இரு குடும்பங்களை அறிந்தால் போதும். டை-4-அனெப்ஸ் போன்றவை சவ்வின் மின்புலத்துக்கு ஏற்ப நிறமாலையைச் சற்று நகர்த்திக்கொள்கின்றன. அவற்றின் வேகம் எந்தத் துடிப்புக்கும் மிகுதியானது. ஆனால் 100 மில்லிவோல்ட்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடுதான் மாறும். சியன், மில்லர் ஆகியோரின் குழு 2012-இல் வெளியிட்ட வோல்டேஜ்ஃப்ளூவோர் குடும்பம் எலக்ட்ரான் தாவலை அடிப்படையாகக் கொண்டு அதே மாற்றத்துக்கு 25 விழுக்காட்டை ஒட்டித் தருகிறது. அவ்வழியில் 2015-இல் வந்த பெர்ஸ்ட்-1 சிவப்பைத் தாண்டிய நிறத்தில் ஒளிர்வதால், பச்சை நிற உணரிகளோடு சேர்த்தும் பயன்படுத்தலாம்.

சாயத்தின் பெரும் நன்மை காத்திருக்கத் தேவையில்லை என்பதே. குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்து, கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டால் அன்றே பதிவுசெய்யலாம். நம் ஊரில் ஒரு சின்ன எச்சரிக்கை தேவை. சாயங்களைக் கரைத்து வைக்கும் டிஎம்எஸ்ஓ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். குளிர்ந்த குப்பியை அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் அதன் வாயிலேயே நீர் பனித்துவிடும். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் ஒரே குப்பியைப் பலமுறை திறந்து மூடினால் சாயம் சீராகக் கரையாமல் மணிமணியாகச் செல்லின் மேல் ஒட்டும். முதல் நாளிலேயே சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, ஒருமுறைக்கு ஒன்று என எடுப்பதே வழி. அதே ஈரம்தான் லென்சுகளில் பூஞ்சையை வளர்க்கிறது என்பதால், பயன்படுத்தாத லென்சுகளை உலர்பெட்டியில் வைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சாயத்தின் பெரும் குறை, அது ஆளைப் பார்க்காமல் எல்லாச் சவ்வுகளிலும் ஏறிவிடுவது. தட்டில் ஒரே அடுக்காக வளர்ந்த செல்களில் இது பெரிய தொல்லையன்று. மூளைச் சீவலிலோ, ஒரு நரம்பணுவைச் சுற்றிப் பிற நரம்பணுக்களின் இழைகளும் துணைச் செல்களும் அடர்ந்திருப்பதால் எல்லாமே ஒளிர்ந்து, தனி நரம்பணு தனியாகத் தெரியாது. மூளைப் பட்டை முழுவதும் ஓடும் மின் அலைகளைப் பார்ப்பதற்கு அந்தக் கலவையே போதும் என்பதால், அவ்வகை ஆய்வுகளில் சாயங்கள் இன்றும் பயன்படுகின்றன.

மரபணு உணரிகள்: விலையும் பலனும்

நரம்பணுவே தனக்கான மின்னழுத்த உணரியைத் தயாரித்துக்கொள்ளும் எண்ணம் 1997-இல் ஃபிளாஷ் என்ற புரதத்தோடு தொடங்கியது. அதன் பிறகு வந்தவை பலவானாலும் தேர்வுக்கு உரியவை மூன்று வழிகளில் அடங்கும்.

முதல் வழி, மின்னழுத்தத்துக்கு அசையும் புரதப் பகுதியோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைப்பது. கடல் பீச்சி என்னும் உயிரினத்தின் புரதத்தில் பிறந்த ஆர்க்லைட் 2012-இலும், கோழியின் புரதத்தில் பிறந்த ஏசாப் 2014-இலும் வந்தன. ஆர்க்லைட் நல்ல பாடம். 100 மில்லிவோல்ட் படிக்கு அதன் ஒளி 35 விழுக்காடு மாறும் என்று படிக்கிறோம். ஆனால் அது அந்த அளவை எட்டப் பத்து மில்லிவினாடி அளவில் நேரம் எடுத்துக்கொள்கிறது. துடிப்போ அதற்குள் முடிந்துவிடுவதால், ஒற்றைத் துடிப்புக்கு ஒரு சில விழுக்காடே கைக்குக் கிடைக்கும். உணரியின் விழுக்காட்டை அதன் வேகத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஏசாப் குடும்பம் வேகமானது. இருஃபோட்டான் ஒளியிலும் வேலை செய்வது அதன் தனிச்சிறப்பு. அதன் வழித்தோன்றலாக 2022-இல் வந்த ஜெடை-2பி அந்த ஒளிக்கென்றே செம்மைப்படுத்தப்பட்டது.

இரண்டாம் வழி, உப்புநீரில் வாழும் நுண்ணுயிரின் ரோடாப்சின் என்னும், ஒளியை உணரும் புரதத்தையே மின்னழுத்த உணரியாக்குவது. சாக்கடலிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்றின் ஆர்க்கேரோடாப்சின்-3, மின்னழுத்தத்தைக் காட்டுகிறது என்று ஆடம் கோஹனின் குழு 2012-இல் வெளியிட்டது. அதிலிருந்து குவாசார் 2014-இலும், செல்லின் உடலில் மட்டும் தங்கும் சோமார்க்கான் 2019-இலும் வந்தன. இவை ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் பதிலளிக்கின்றன. நரம்பணுவை நீல ஒளியால் துடிக்கத் தூண்டிவிட்டு, அதன் பதிலைச் சிவப்பு ஒளியில் பதிவுசெய்வதும் இவற்றால் இயலும். ஆனால் இவை மிகவும் மங்கலானவை என்பதால், சதுர சென்டிமீட்டருக்கு நூறு வாட்டைத் தாண்டிய, சில வேளைகளில் பல நூறு வாட் அளவிலான சிவப்பு லேசர் ஒளி தேவைப்படுகிறது. நண்பகல் வெயிலின் அளவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 வாட்தான். அந்த ஒளியைத் தரும் லேசரையும், அதற்கான பாதுகாப்பு ஏற்பாட்டையும், அந்த வெப்பத்தை மூளைத் திசு எத்தனை நொடி தாங்கும் என்ற கவலையையும் சேர்த்தே இந்த வழியை எடைபோட வேண்டும்.

மூன்றாம் வழி இவ்விரண்டின் கலப்பு. 2019-இல் வெளியான வோல்ட்ரானில் ரோடாப்சின் உணர்கிறது. வெளியிலிருந்து சேர்க்கும் செயற்கைச் சாயம், அதனோடு இணைந்த ஹாலோடேக் புரதத்தில் ஒட்டி ஒளிர்கிறது. எந்த நரம்பணு என்பதை மரபணு தீர்மானிக்க, ஒளியின் வலிமையைச் சாயம் தருகிறது. விழித்து நடமாடும் எலிகளில் பல பத்து நரம்பணுக்களை 15 நிமிடங்கள் தொடர்ந்து பதிவுசெய்ததாக அந்த ஆய்வு காட்டியது. மீன் குஞ்சிலும் பழ ஈயிலும் அது வேலை செய்தது. ஒரு நரம்பணுவுக்கு ஒளி எங்கே குறைவு என்பதை நேராகத் தாக்கும் வழி என்பதால் இந்த மூன்றில் எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் ரோடாப்சின் வழிகள் பொதுவாக இருஃபோட்டான் ஒளியில் சரியாகப் பதிலளிப்பதில்லை. ஆகவே ஏற்கெனவே இருஃபோட்டான் நுண்ணோக்கியை மட்டும் வைத்திருப்பவர்கள் ஏசாப் குடும்பத்துக்குள்ளேயே தேட வேண்டியிருக்கும்.

ஏசாப், ஆர்க்லைட், வோல்ட்ரான் ஆகியவை ஓய்வில் பிரகாசமாக இருந்து துடிப்பில் மங்குபவை. துடிப்பு இல்லாத நேரமெல்லாம் அவை ஒளிர்ந்துகொண்டே வெளுக்கின்றன. அந்தப் பெரிய அடித்தள ஒளியின் தடுமாற்றமும் துடிப்போடு போட்டியிடுகிறது. துடிப்புக்குக் கீழுள்ள ஏற்ற இறக்கங்களைப் பார்ப்பதே நோக்கம் என்றால் இது குறையாகாது; துடிப்பை மட்டும் எண்ணுவதே நோக்கம் என்றால் இந்தச் செலவு வீண்.

அசைவும் ஒரு தனித் தொல்லை. உணரி சவ்வில் மட்டும் இருப்பதால், மாதிரி ஒரு மைக்ரோமீட்டர் நகர்ந்தாலே அந்தப் படப்புள்ளியின் ஒளி பல விழுக்காடு மாறிவிடும். எலியின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை, அதாவது நொடிக்குப் பத்து முறை அடிக்கிறது. அந்த அதிர்வு மூளையின் தீட்டா அலைகளின் வேகத்தோடு ஒத்துப்போவதால், இதயத் துடிப்பை மூளை அலை என்று படித்துவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. மின்னழுத்தத்துக்கு அசையாத, ஆனால் அதே சவ்வில் அதே பிரகாசத்தில் ஒளிரும் புரதத்தை இட்டு அதே முறையில் பதிவுசெய்து பார்க்காத எந்த மெல்லிய அலையையும் நான் நம்புவதில்லை.

சிங்கப்பூரில் கணக்கில் சேர வேண்டியவை

மரபணு வழியைத் தேர்ந்தால் வைரஸ் வழியாகவோ, மரபணு மாற்றிய விலங்கு வழியாகவோதான் உணரி நரம்பணுவைச் சென்றடையும். அதற்கு நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 1999-இல் அமைக்கப்பட்ட மரபணு மாற்ற ஆலோசனைக் குழுவின் வழிகாட்டு நெறிகள் அதற்கு அடிப்படை. விலங்குகளைப் பயன்படுத்தினால் 2004-இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகளின்படி விலங்குப் பயன்பாட்டுக் குழுவின் ஒப்புதலும் சேரும். மனிதத் திசு என்றால் 2015-ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தைப் படித்தாக வேண்டும். வைரஸ் உலர்பனியில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். செலுத்திய பின் உணரி போதிய அளவு உருவாகச் சில வாரங்கள் ஆகும். நான்கு ஆண்டு முனைவர் பட்டத்தில் முதல் ஆண்டு இதிலேயே கரைவதைப் பார்த்திருக்கிறேன். இவை எவையும் தேவையற்ற தடைகள் என்று சொல்ல வரவில்லை. சாயத்தையும் மரபணு உணரியையும் விழுக்காட்டை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் இந்தக் காலத்தை மறந்துவிடுகிறார்கள் என்பதே குறை.

யாருக்கு எது

தண்டுச் செல்களிலிருந்து வளர்த்த மனித நரம்பணுக்களைத் தட்டில் வைத்து, வலிப்பு மருந்துகள் அவற்றின் செயல்பாட்டைக் குறைக்கின்றனவா என்று நூற்றுக்கணக்கான குழிகளில் சோதிக்க விரும்பும் குழுவுக்கு, முதல் சுற்றைக் கால்சியத்தில் நடத்தும்படி சொல்வேன். முதல் சுற்றில் தேறிய மருந்துகளை மட்டும் பெர்ஸ்ட்-1 போன்ற சாயத்தில் மீண்டும் பார்த்தால், துடிப்பின் வடிவமும் அகலமும் எப்படி மாறின என்பது தெரியும். சோடியம் வாயிலை அடைக்கும் மருந்துக்கும் பொட்டாசியம் வாயிலைத் திறக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் வெளிப்படும். இந்த வேலைக்கு மரபணு மின்னழுத்த உணரி தேவையில்லை.

எலியின் மூளைச் சீவலில் ஒரு குறிப்பிட்ட வகைத் தடுப்பு நரம்பணு அண்டை நரம்பணுக்களை எந்தக் கணத்தில் அடக்குகிறது என்பதே கேள்வி என்றால், கால்சியத்தால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. செல்லின் உடலில் மட்டும் தங்கும்படி அமைத்த வோல்ட்ரான் அல்லது ஏசாப் வகை உணரியோடு, அவற்றுள் ஒரு நரம்பணுவையாவது பேட்ச் கிளாம்பால் ஒரே சமயத்தில் அளப்பதே முறையான வழி. ஒளியில் தெரியும் மூன்று விழுக்காடு எத்தனை மில்லிவோல்ட் என்பதை அந்தக் கண்ணாடிக் குழாய்தான் சொல்லும். பேட்ச் கிளாம்ப் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஆய்வகம் மின்னழுத்தப் படமெடுப்பில் இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

வரிக்குதிரை மீன் குஞ்சில் வேலை செய்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். உடல் ஒளி ஊடுருவக்கூடியது, மூளை சிறியது. மூளை முழுவதையும் பார்ப்பதற்குக் கால்சியத்தையும், அதில் கண்டுபிடித்த ஒரு சிறு கூட்டத்தை நெருங்கிப் பார்ப்பதற்கு வோல்ட்ரானையும் பயன்படுத்தும் இரண்டு கட்டத் திட்டம் அங்கே இயல்பாகப் பொருந்தும். விழித்திருக்கும் எலியின் மூளையில் மின்னழுத்தத்தை ஒளியால் பதிவதை முதல் திட்டமாகவே எடுத்துக்கொள்ளும் புதிய குழுவுக்கு மட்டும், ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கும் வேறோர் ஆய்வகத்தோடு இணைந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன். அது கைவசமாகும்வரை நியூரோபிக்செல்ஸ் தரும் துடிப்புகளைக் கொண்டு கட்டுரையை எழுதலாம்.

எதைத் தேர்ந்தாலும் தரவுக்கு இடம் ஒதுக்குவதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. 512 சதுரப் புள்ளிகளில் நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கால்சியம் பதிவு, புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் நிமிடத்துக்கு ஒரு கிகாபைட்டுக்கும் சற்றுக் குறைவு. மேலே சொன்ன 200 வரிசைப் பட்டையை நொடிக்கு 1,000 படங்கள் எடுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 820 மெகாபைட், நிமிடத்துக்கு 49 கிகாபைட். 15 நிமிடப் பதிவு ஒன்று 700 கிகாபைட்டைத் தாண்டிவிடும். இந்த வேகத்தை நிறுவனத்தின் பகிர்வுச் சேமிப்பகத்துக்கு வலைப்பின்னல் வழியாக நேரடியாக எழுத முயன்றால் இடையிடையே படங்கள் விடுபட்டுப் போகும். விடுபட்டது உடனே தெரியவும் தெரியாது. கேமராவோடு இணைந்த கணினியிலேயே வேகமான திடநிலை வட்டுகளை வைத்து அங்கே எழுதிவிட்டு, நரம்பணுக்களின் ஒளிக்கோடுகளைப் பிரித்தெடுத்த பின் எந்த மூலப் படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பது என்பதைப் பதிவு தொடங்குமுன்பே மேற்பார்வையாளரோடு எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது.